காலிக் கட்டில் மணி

பேயும் இல்ல பிசாசும் இல்ல மேடம், பேஸ்ட்டு. நானும் முதல்லருந்து அதத்தான் சொல்லிட்டிருக்கேன், யாராவது காது குடுத்தாதானே. ஆஸ்பத்திரியில நர்ஸுங்க பேய்ங்கறாங்க. எங்க மேனேஜர் எங்க வீட்டுக்காரர்ங்கறாரு. ரெண்டும் ஒண்ணுதான்னு வச்சுக்கோங்க, அவருதான் செத்துப் போயிட்டாரே. ஐயோ, சிரிக்கலாம் மேடம், பரவால்ல. நானே சொல்லிட்டு நானே சிரிக்கிறேன், நீங்க எதுக்கு மூஞ்சிய இப்படி வச்சுக்கறீங்க?

இல்ல இல்ல, உங்கள ஒண்ணும் சொல்லல. நீங்க வந்த வேலை அது. மணி விக்கிறது உங்க கம்பெனி, மணிக்குள்ள இருக்கற போர்டு செய்யறது நாங்க. கட்டில்ல படுத்திருக்கறவங்க பொத்தான அழுத்தினா நர்ஸ் ரூம்ல மணி அடிக்கணும், லைட்டு எரியணும். அந்தப் போர்டோட மொத்த ஜோலியே அவ்வளவுதான். அது இப்ப ஆளே இல்லாத கட்டில்லருந்து அடிக்குது. யாரும் தொடாம. ஈரக்காத்து வீசினா இன்னும் ஜாஸ்தி. ஏன்னு நீங்க கேட்டுத்தானே ஆகணும், கேளுங்க. எனக்குத் தெரிஞ்சத சொல்றேன். ஒண்ணே ஒண்ணுதான் கேட்டுக்கறேன், அந்த ரிப்போர்ட்ல எங்க வீட்டுக்காரர் பேர மட்டும் எழுதிடாதீங்க. மேனேஜர் எல்லாம் ரெடியா வச்சிருக்காரு. கையால ஈயம் வச்ச ஆளோட தப்பு, ஆளு இப்ப இல்ல, விஷயம் முடிஞ்சுதுன்னு. செத்தவரு எழுந்து வந்து இல்லன்னா சொல்லப் போறாரு? அவருக்காக வாயத் தொறக்க நான் ஒருத்திதான் இருக்கேன்.

இப்படி வாங்க. கால பாத்து வைங்க, கீழ காத்துக் குழாய் ஓடுது. லைனோட தலை இதுதான். வால் அந்தக் கோடியில, ஜன்னல் ஓரம், அந்த ரெண்டு மேசை தெரியுதுல்ல, அங்க. வர்றவங்க எல்லாரும் நேரா அங்கதான் போய் நிக்கறாங்க. தலைவலிக்கு யாராவது கால்ல தைலம் தேய்ப்பாங்களா? நாம தலையிலருந்து போவோம். நான் அங்க மாறறதுக்கு முன்னாடி இந்த மெஷின்லதான் நின்னேன், இதோட கோவம் தாபம் எல்லாம் எனக்கு அத்துப்படி.

இது பிரிட்ஜ். சாப்பாட்டு டப்பாவ இதுக்குள்ள வச்சா சீட்டுக் கிழிஞ்சிரும். உள்ள இருக்கறது பூரா பேஸ்ட்டு. ஈயப்பொடியையும் பிளக்ஸுங்கற பிசினையும் குழைச்சு வச்சது, பல்லு தேய்க்கிற பேஸ்ட்டவிட கெட்டியா, சாம்பல் கலர்ல. நீங்க படிச்சது இதானே, உங்களுக்கு நான் சொல்லணுமா. ஆனா புஸ்தகத்துல ஒரு விஷயம் போட்டிருக்க மாட்டாங்க, இதுக்கு ரோஷம் ஜாஸ்தி. வெளிய எடுத்தா மூடியத் திறக்காம வச்சிருக்கணும், குளிர் முழுசா விடற வரைக்கும். அவசரப்பட்டு திறந்தா ஐஸ் தண்ணி ஊத்தின டம்ளர் மாதிரி வேர்த்துரும். அந்த வேர்வை ஈயத்த உருக்கற ஓவனுக்குள்ள போய்ப் பொரியும், ஈயம் குட்டிக் குட்டி உருண்டையா தெறிச்சு போர்டுல இருக்கற ரெண்டு கம்பிக் காலுக்கு நடுவுல போய் உக்காந்துக்கும்.

நடந்திருக்கு மேடம், நடக்காம என்ன. ஒரு தடவை ஆர்டர் அவசரம்னு மேனேஜரே டப்பாவ வாங்கி ஓவன் மேல வச்சு சூடு காட்டினாரு, குழந்தைக்குப் பால் காய்ச்சற மாதிரி. அன்னிக்கு வந்த போர்டு பூரா வேர்க்குரு. ஆனா இது அந்த வியாதி இல்ல. நானே உருண்டை தேடிப் பாத்துட்டேன். உருண்டை சிக்கியிருந்தா மணி எப்பவும் அடிக்கும், இல்லன்னா அடிக்கவே அடிக்காது. வெயில் அடிக்கும்போது சாதுவா இருந்துட்டு ஈரம் வந்தா மட்டும் அலறாது.

இப்ப இந்தத் தகடப் பாருங்க. ஸ்டென்சில். போர்டுல எங்கெங்க ஈயம் வேணுமோ அங்கெங்க ஓட்டை. போர்டு அடியில வந்து ஒட்டிக்கும், மேல பேஸ்ட்ட வச்சு பிளேடு ஒரே இழுப்பு. ஓட்டை வழியா இறங்கி போர்டுல உக்காரும். கோலப்பொடி அச்சு மாதிரின்னு நான் புதுசா வர்ற பிள்ளைங்களுக்குச் சொல்லுவேன். அச்சு நல்லா விழுந்தா பாதி வேலை முடிஞ்சது. விழலன்னா அப்புறம் எந்த சாமி வந்தாலும் ஒட்டுப் போடற வேலைதான்.

இந்த மூலை. விரல வைங்க. இங்கதான் பொத்தான் ஒயரு வந்து சொருகற இடம். ஓட்டை எவ்வளவு பொடிசா இருக்கு பாத்தீங்களா? பேஸ்ட்டு உள்ள போகும், இறங்காது. சுவத்துல ஒட்டிக்கும். கொஞ்சம் போச்சுன்னா அடைச்சே போயிரும். பிளேட மெதுவா ஓட்டிப் பாத்தேன். அழுத்தம் கூட்டினேன், குறைச்சேன். தகட்டோட அடிப்பக்கத்த துடைக்கிற பேப்பர அடிக்கடி விட்டேன். மூலைக்குக் கீழ முட்டுக் குடுத்தேன், போர்டு வளையுதோன்னு. பேஸ்ட்டு கம்பெனியக்கூட மாத்திப் பாத்தாச்சு. தேறுச்சு, ஆனா முழுசா குணமாகல. ஓட்டைய ஒரு மயிரிழை பெருசு பண்ணுங்கன்னு எழுதிப் போட்டோம். டிராயிங் யாரோடது? உங்க கம்பெனியோடதுதான் மேடம். பதிலே வரல. நான் உங்களக் குத்தம் சொல்லல. ரிப்போர்ட்ல பேர் எழுத இடம் இருந்துச்சுன்னா டிராயிங் போட்டவர் பேரையும் சேத்து எழுதுங்கன்னு சொல்றேன், அவ்வளவுதான்.

சரி, வாங்க, ஓவன் பக்கமா நடப்போம். சூடு அடிக்கும், தள்ளி வாங்க.

மூலையில ஈயம் குறைஞ்சு வர்ற போர்டுதான் வாலுக்குப் போகும். அங்க கையால தொட்டு நிரப்பணும். டச்-அப்னு சொல்லுவோம். அது எங்க வீட்டுக்காரர் மேசை. நான் தலையில, அவரு வாலுல, நடுவுல இந்த ஓவன். புருஷன் பொண்டாட்டிக்கு நடுவுல எந்நேரமும் ஒரு அடுப்பு எரியுதுன்னு லைன்ல கிண்டல் பண்ணுவாங்க. அவருக்குப் பேரு ஆமை. ஆமையண்ணே ஆமையண்ணேன்னு சின்னப் பசங்ககூட கூப்பிடும், கோவிச்சுக்கவே மாட்டாரு. அவ்வளவு நிதானம். போர்டக் கையில எடுத்துட்டு லைன் நீளத்துக்கும் நடந்து வருவாரு எங்கிட்ட. என்னம்மா, இன்னிக்கும் மூலையில கஞ்சத்தனம் பண்ணியிருக்கேம்பாரு. கை இருக்குல்ல, கொஞ்சம் வச்சு விடுங்களேன்னு நான் எரிஞ்சு விழுவேன். வீட்லயும் இதே கதைதான். நான் குழம்புல உப்பு போட மறப்பேன், அவரு வாயத் திறக்காம எழுந்து போய் உப்பு டப்பாவ எடுத்துட்டு வந்து உக்காருவாரு. நான் குறை வைக்க, அவரு நிரப்ப. பொழப்பு அப்படியே ஓடிருச்சு.

என்ன மேடம்? ஆங், பிளக்ஸ். அதுக்குத்தான் வர்றேன்.

கையால ஈயம் வைக்கும்போது பேஸ்ட்டு கிடையாது. பாட்டில்ல இருக்கற பிளக்ஸ பிரஷ்ல தொட்டுத் தடவி, மேல சூடான ராட வச்சு, ஈயக் கம்பிய நீட்டணும். பிளக்ஸ் அழுக்கத் தின்னாத்தான் ஈயம் பிடிக்கும். வேலை முடிஞ்சு போர்டுல தங்கற மிச்சம்? அதுக்குத்தான் பிளக்ஸ் கேன் மேல பெரிசா எழுதியிருக்கான், கழுவ வேண்டாம்னு. எல்லாரும் அந்த ரெண்டு வார்த்தைய வேதவாக்கா எடுத்துக்கறாங்க. கழுவ வேண்டாம்தான், எப்ப? வெந்திருந்தா. நல்லா வெந்த பிளக்ஸ் கண்ணாடி மாதிரி இறுகி, தான் உண்டு தன் வேலை உண்டுன்னு கிடக்கும். வேகாதது இருக்கே, அது பிசுபிசுன்னு முழிச்சிட்டே இருக்கும். ஓவன்ல போர்டு முழுக்க வேகும். கையால வைக்கும்போது சூடு ஒரு புள்ளியிலதான. சுத்தி வழிஞ்சது பச்சையாவே நிக்கும். காத்துல இருக்கற ஈரத்தக் குடிக்கும். கரண்டும் ஓடுதுல்ல, ரெண்டு காலுக்கும் நடுவுல மெல்ல ஒரு பாதை முளைக்கும். பூதக்கண்ணாடியில பாத்தா செடி மாதிரியே இருக்கும் மேடம், கிளையும் இலையுமா. அது அந்தப் பக்கம் தொட்டுச்சுன்னா போர்டு என்ன நினைக்கும்? யாரோ பொத்தான அழுத்தறாங்கன்னு நினைக்கும். கட்டில் காலி. மணி அடிக்கும்.

பேஸ்ட்டுன்னு ஏன் சொன்னேன்னா, மூலையில பேஸ்ட்டு ஒழுங்கா விழுந்திருந்தா கையே வைக்க வேண்டியதில்ல. கை வைக்கலன்னா பிளக்ஸே இல்ல. அதனால சொன்னேன்.

நான் நேர்லயே பாத்தேன் மேடம், அந்த வார்டுல. சர்வீஸ்காரர் கெட்டுப்போன மணியெல்லாம் கழட்டி மாத்தப் போனாரு, நீங்களும் வந்து எதுல எந்த கால் போயிருக்குன்னு பாருங்கன்னு கூட்டிட்டுப் போனாரு. பகல் வேளைதான். வெளிய தூறல், ஜன்னல் எல்லாம் சாத்தி ஒரே புழுக்கம். நீளமான ரூம், ரெண்டு பக்கமும் கட்டில். கடைசிக்கு முந்தின கட்டில் காலி, மெத்தையச் சுருட்டி வச்சிருந்தாங்க. முந்தின நாள்தான் அதுல இருந்தவரு போயிட்டாராம். நான் பாத்துட்டே இருக்கேன், அந்தக் கட்டில் மேல லைட்டு எரியுது. நர்ஸ் ரூம்ல மணி. ஒருத்தர்கூட தலையத் திருப்பல. ஒரு நர்ஸு மாத்திரை எண்ணிட்டே சொல்லுது, அது அப்படித்தான்க்கா கூப்பிடும், நாங்க கண்டுக்கறதில்ல, பகல்ல ஒண்ணும் பண்ணாதுன்னு.

எனக்கு மட்டும் கால் நிக்கல. நேரா போய் அந்தக் கட்டில் பக்கத்துல நின்னேன். என்னத்துக்குப் போனேன்னு கேட்டா எனக்கே தெரியாது. சுருட்டின மெத்தை, ஒரு இரும்புக் கட்டில், சுவத்துல தொங்கற பொத்தான். லைட்டு அணையுது, மறுபடி எரியுது. யாரோ பொறுமையா, கோவப்படாம, விட்டு விட்டு அழுத்தற மாதிரி. அவ்வளவு நிதானமா யாரு அழுத்துவா சொல்லுங்க. என் வாயில, என்னங்கன்னு வந்துருச்சு. சத்தமா இல்ல. சர்வீஸ்காரர் திரும்பிப் பாத்தாரு, உடனே ஸ்குரூ கழட்டறதுல குனிஞ்சுக்கிட்டாரு. நல்ல மனுஷன்.

அந்த அம்மாவப் பத்தித்தான கேக்கறீங்க. தெரியும். மூலைக் கட்டில்ல இருந்தவங்க. நாங்க மாத்திட்டு வந்ததுக்கு அப்புறம், புதுசா மாட்டினதும் அதே மாதிரி அடிக்க ஆரம்பிச்சப்பதான் நடந்தது. பாத்ரூம் போகணும்னு பொத்தான அழுத்தியிருக்காங்க, அழுத்தியிருக்காங்க, ஒருத்தரும் வரல. தானே இறங்கி நடக்கப் பாத்து விழுந்து இடுப்பெலும்பு போச்சு. இன்னும் எழுந்திரிக்கலன்னு சொன்னாங்க. அவங்க மணி நல்லாத்தான் இருந்துச்சு மேடம், நான் அதையும் வரவழைச்சுப் பிரிச்சுப் பாத்தேன், ஒரு குறை கிடையாது. ஒழுங்கா அடிச்சிருக்கு. சுத்தியிருந்த காலிக் கட்டிலெல்லாம் பொய் பொய்யா கூப்பிட்டு, நிஜமா கூப்பிட்டவங்க குரலும் எடுபடாம போச்சு. அத நினைச்சா எனக்கு சோறு இறங்கல. சும்மா சொல்லல.

உக்காருங்க, இதுதான் மேசை. இந்த ஸ்டூல இழுத்துக்கோங்க. அவரு போனதுக்கப்புறம் இந்த இடத்துக்கு ஆள் வேணும்னாங்க. நான் போறேன்னுட்டேன். பேஸ்ட்டு பிரிண்டர்ல நின்னு பழகினவ எதுக்கு இங்க வந்து உக்காந்து கண்ணக் கெடுத்துக்கறேன்னு மேனேஜர்கூட கேட்டாரு. வேற யாராவது வந்து இங்க உக்காந்தா என்னால தலையிலருந்து பாத்துட்டு நிக்க முடியாது, அதான். வந்த புதுசுல ராடுலருந்து புகை கிளம்பும்போதெல்லாம் கண்ணு கலங்கும். அந்தப் பிசின் வாசனைதான அவரு சட்டையில வரும், துவைச்சாலும் போகாது. வீட்ல இன்னும் ஒரு சட்டை வச்சிருக்கேன், அதுல இப்ப ஒண்ணும் வரல. இங்க உக்காந்தா வருது.

ம், அந்தப் போர்டுதான். மைக்ராஸ்கோப்புல பாருங்க, குமிழ மெதுவா திருகுங்க. ஈயம் ஒரு பக்கமா சாஞ்சு நிக்குதுல்ல, தலைய சாச்சு உக்காந்திருக்கற மாதிரி? அதத்தான் ஆமையண்ணன் கைன்னு சொல்றாங்க. லைன்ல யாரக் கேட்டாலும் சொல்லுவாங்க. எல்லாரும் போர்ட மூலை வெளிப்பக்கமா இருக்கற மாதிரி வைப்பாங்க. அவரு மட்டும் தன் பக்கமா திருப்பி வைப்பாரு. அதுக்குன்னு போர்டப் புடிச்சு நிறுத்தற இந்தக் கட்டையையே தலைகீழா ஸ்குரூ போட்டு முடுக்கி வச்சிருக்காரு பாருங்க, அசையாது. ராடு இந்தப் பக்கத்துலருந்து போறதால ஈயம் அந்தப் பக்கம் சாயும். கையெழுத்து மாதிரி. திரும்பி வந்த போர்டெல்லாம் அதே சாய்வு. அத வச்சுத்தான் மேனேஜர் முடிவு கட்டிட்டாரு. பசங்க அதப் பாத்துட்டு, அண்ணன் இன்னும் வேலைய விடலடான்னு குசுகுசுன்னு பேசுதுங்க. ஒருத்தன் இந்தப் பக்கம் தனியா வரவே மாட்டேங்கறான்.

எதுக்கு மேடம் திருப்பறீங்க?

ஆமா. அந்த ஸ்டிக்கர்ல முதல்ல இருக்கற நம்பர்தான். போர்டு செஞ்ச வருஷமும் வாரமும். பெட்டிக்குள்ள மாட்டிட்டா அடிப்பக்கம் தெரியாது, அதனால யாரும் பாக்கல. எங்க ஆளுங்க திரும்பி வந்த தேதிய மட்டும்தான் பாக்கறாங்க.

இன்னொண்ணு எடுத்துப் பாருங்க. எல்லாத்தையும் வேணும்னாலும் பாருங்க. ஒண்ணுகூட அவரு இருந்தப்ப செஞ்சது இல்ல. எல்லாம் அவரு போனதுக்கு அப்புறம்தான்.

எனக்கு எப்படித் தெரியும்னா, நான்தான மேடம் வச்சேன். அந்தக் கட்டைய நான் திருப்பல. அவரு மாட்டி வச்ச மாதிரியே விட்டுட்டேன். அவரு உக்காந்த இடத்துல உக்காந்து, அவரு புடிச்ச கோணத்துல புடிச்சா, அவரு கைதான வரும். முதல் தடவை என் ஈயத்த இதே கண்ணாடியில பாத்தப்ப எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு. சந்தோஷமாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லக் கூடாது. அப்புறம் ஒவ்வொண்ணா திரும்பி வர ஆரம்பிச்சுது.

கோவமா இருக்கீங்களா? ஏன் முதல்லயே சொல்லலன்னுதான நினைக்கறீங்க. சொல்லத்தான் உங்கள அந்தக் கோடியிலருந்து இங்க வரைக்கும் கூட்டிட்டு வந்தேன். பேஸ்ட்டும் பொய்யில்ல, டிராயிங்கும் பொய்யில்ல. எதையாவது ஒண்ண நீங்க போதும்னு எடுத்துக்கிட்டுப் போயிருந்தா நான் பாட்டுக்கு இருந்திருப்பேன். நீங்க விடல.

பக்கத்து மேசைப் பொண்ணா? அவளும் இதே பிளக்ஸுதான். ஒரே கேன்லருந்துதான் ரெண்டு பேரும் ஊத்திக்கறோம். அதே ராடு, அதே கம்பி. ஆமா, அவ வச்சது ஒண்ணுகூட திரும்பி வரல. சரியாத்தான் புடிச்சீங்க.

இந்த பாட்டிலா? இது எதுக்கு மேடம், பழசு. இருங்க, சீல் உடைக்காத கேன் இருக்கு, அதுலருந்து புதுசா எடுத்துத் தர்றேன், அத அனுப்புங்க டெஸ்டுக்கு. இதுல பிரஷெல்லாம் ஊறிக் கிடக்கு.

சரி. கைய எடுத்துட்டேன். பாருங்க. கெட்டியாத்தான் இருக்கு, தெரியும். தேன் மாதிரி வழியும். அதுல இருக்கற ஸ்பிரிட்டு தினம் கொஞ்சம் ஆவியாயிரும், சத்து மட்டும் தங்கும். அதனாலதான் இங்க ஒரு பழக்கம் உண்டு, ஷிப்ட் முடிஞ்சா பாட்டில்ல மிச்சம் இருக்கறத கொட்டிக் கழுவி கவுத்து வச்சுட்டுத்தான் போகணும். மறுநாள் புதுசா ஊத்திக்கணும். மிச்சத்து மேல ஊத்தவே கூடாது. ஊத்தினா நாளுக்கு நாள் கெட்டியாகும், பிரஷ்ல ஜாஸ்தி ஏறும், வேகாது. இத எனக்குச் சொல்லிக் குடுத்ததே அவருதான். ஒரு நாள் தவறினது கிடையாது. கம்பெனி பஸ் ஹாரன் அடிச்சிட்டே இருக்கும், எல்லாரும் ஏறி உக்காந்து ஆமைய்யோவ்னு கத்துவாங்க, இவரு இங்க நின்னு பாட்டில கழுவிட்டிருப்பாரு. எனக்கு மானம் போகும்.

அன்னிக்குக் கழுவல. எங்க கழுவ? வேலை நடந்துட்டிருக்கும்போதே நெஞ்சு வலிக்குதுன்னு எழுந்தவருதான். ஓவனுக்கு அந்தப் பக்கம் சத்தம் கேட்டு நான் ஓடி வர்றதுக்குள்ள ஆளுங்க தூக்கிட்டாங்க. கார்ல என் மடியிலதான் இருந்தாரு. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும்கூட வரல.

காரியமெல்லாம் முடிஞ்சு நான் வேலைக்கு வந்தப்ப பாட்டில் இதே இடத்துல இருந்துச்சு. பாதி இருந்துச்சு. பிரஷ் உள்ள. யாரும் தொடல, பயம். முதல் நாளு சாயங்காலம் கொட்டிடலாம்னு எடுத்துட்டு தொட்டி வரைக்கும் போனேன் மேடம். கவுக்கலாம்னு சாச்சேன். கை ஒத்துழைக்கல. கொண்டு வந்து வச்சுட்டு, மறுநாள் மேல கொஞ்சம் ஊத்திக்கிட்டேன். அதுக்கும் மறுநாள் கொஞ்சம். வீட்ல அவரு துணியெல்லாம் குடுத்துட்டேன், செருப்பக்கூட குடுத்துட்டேன், அதுக்கெல்லாம் எனக்கு ஒண்ணும் ஆகல. வார்டுலருந்து வந்த அன்னிக்குக்கூட இன்னிக்கு எப்படியும் கொட்டிரணும்னு வைராக்கியமாத்தான் வந்தேன். வந்து உக்காந்து ஊத்திக்கிட்டேன். அந்த அம்மா விழுந்தது அதுக்கப்புறம்.

அதனால எழுதிக்கோங்க. என் பேர எழுதிக்கோங்க, தப்பில்லாம. அவரு தினமும் கொட்டினவரு, அதையும் ஒரு வரி சேத்து எழுதுங்க, மேனேஜர் படிக்கட்டும். நான் இந்த ஸ்டூல்ல உக்காந்த வாரத்துலருந்து இந்த மேசையத் தாண்டிப் போன போர்டு அத்தனையையும் திருப்பி வாங்கிடுங்க, ஒரு வார்டுலயும் விட்டு வைக்காதீங்க. எனக்கு வேலை போனா போகட்டும்.

இந்தாங்க, ஜாக்கிரதை, மூடி லூசு. டெஸ்டுக்கு எவ்வளவு வேணும்? பாட்டிலோடயா எடுத்துட்டுப் போகணும்? கொஞ்சம் போதும்தானே. எல்லாம் எப்பவோ ஒண்ணோட ஒண்ணு கலந்திருக்கும், எனக்குத் தெரியாதா, நான் ஒண்ணும் பைத்தியம் இல்ல. இருந்தாலும் மேலாப்புல எடுத்துக்கோங்க மேடம். அடியில இருக்கறது அவரு ஊத்தினது.